ஆறு வோல்ட்டுக்காரர்

ராஜபாளையத்தில் கார்களுக்கு வயரிங் பார்த்த அந்த எலெக்ட்ரீசியனை எனக்கு ஒரு வாரம்தான் தெரியும். ஒல்லியான ஆள், காதில் டெஸ்டர் செருகியிருப்பார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரை உள்ளங்கையால் பொத்தி, சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அப்பாவின் பழைய காரில். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால் டைனமோ சார்ஜ் ஏற்றாது, ஆறு வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். சித்தப்பா மகள் கல்யாணத்தில் அப்படித்தான் விளக்கணைந்து கார் நின்றுபோய், மாப்பிள்ளை இறங்கி நடந்தார்.

“பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திருங்க” என்றேன் எலெக்ட்ரீசியனிடம்.

“டைனமோ, ஸ்டார்ட்டர், பல்பு அம்புட்டும் மாத்தணும் சார். ஒரு சாயங்காலத்துக்காக எதுக்கு வண்டிய வேற வண்டியாக்குதிய?”

“நடுத்தெருவுல நின்னுட்டா?”

“நிக்காது. நானும் வாரேன்.”

சலவைச் சட்டையில் வந்தார். இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியை, வோல்ட் கூடாதபடி பழையதோடு இணைத்து, அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எங்கள் மாமாவுக்கென்று வைத்திருந்த முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மண்டபம் வரும்வரை கையை வயரிலிருந்து எடுக்கவில்லை. விளக்கு மங்கவே இல்லை.

அவர் பெயரைக் கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆல்பத்தில் மாப்பிள்ளை காரில் இருக்கும் படங்களில் எல்லாம் குனிந்த தலையோடு அவரும் இருக்கிறார். யாரென்று கேட்பவர்களிடம் தங்கை, “எங்க மாமா” என்கிறாள். சீட்டில்லாமல் காருக்குப் பின்னால் நடந்துவந்த நிஜ மாமா இதுவரை அதை மறுத்ததில்லை.