வழித்தடம் கடலோடு நின்றது

பலாலி விமான நிலைய ஓடுபாதையின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இராணுவத்திடமிருந்து மீண்டும் கைக்கு வந்த காணியில் வீடு கட்ட என் மனைவியின் தம்பி முடிவுசெய்தான். அத்திவாரத்துக்கு ஆவணியில் நாளும் பார்த்தாயிற்று. அவனுக்கு ஒரு கேள்விதான் மிச்சம்: சென்னை விமானம் கூரைக்கு மேலாக இறங்குமா?

என் மருமகனுக்குக் கொழும்பில் பறப்புத் திட்டம் எழுதும் வேலை. அவரிடம் கேட்டோம். விமானம் தாண்டும் புள்ளிகளின் பெயர்களை வரிசையாக எழுதிய ஒற்றை வரியைக் கைப்பேசிக்கு அனுப்பினார். கடைசிப் புள்ளி கடலுக்கு மேல். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“கடைசித் துண்டை வெட்டிப்போட்டாங்கள், அத்தான். அதுதான் என்ரை காணிக்கு மேலாலை வாற துண்டு” என்றான் மச்சான்.

நான் சிரிக்கவில்லை. வரைபடத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தே காலங்கழித்த ஊர் அது. கோடு நின்றால் அதற்கு அப்பால் உள்ளது பறிபோயிற்று. பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் நானும் அறிக்கைகளில் இல்லாததைத்தான் முதலில் தேடினேன்.

மருமகனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஒருத்தரும் வெட்டேல்லை, மாமா. அந்தப் புள்ளிக்குப் பிறகு இறங்கிற ஒழுங்கு. பெரிய விமான நிலையங்களிலை அதுக்குப் பேர் இருக்கு: தொடங்கிற புள்ளியின்ரை பேர், ஒரு எண், ஒரு எழுத்து. ஒழுங்கை மாத்தினால் எண் மாறும். சில நாடுகள் அதையும் வழித்தடத்திலை எழுதச் சொல்லும், சிலது வேண்டாமெண்டும். எழுதினாலும் கிட்ட வரேக்கை கட்டுப்பாட்டுக் கோபுரத்திலை இருந்து மாத்துவினம். காத்துக்கு எதிராத்தானே இறங்கோணும். உங்கடை பக்கத்துக்கு நான் ஒண்டும் எழுதிறேல்லை.”

அழைப்பை நிறுத்தியதும் மச்சான் சொன்னான்: “உவர் உப்பிடித்தான் சொல்லுவார். அவருக்குச் சம்பளம் குடுக்கிறது ஆர்?”

“காத்துக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?” என்றேன்.

மறுநாள் காணிக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசியது. விமானம் வடகிழக்கே கடல் பக்கத்தால் வந்து, எங்களை நோக்கி இறங்கி, ஓடுபாதையிலேயே நின்றது. தலைக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

அத்திவாரக் கல்லை லொறியில் கொண்டுவந்திருந்த மேசன் சிரித்தார். “பாத்தியளே அண்ணை? இனிக் கல்லைப் பறிப்பமே?”

மச்சான் என் பக்கம் திரும்பினான். “வாடை வீசேக்கை?”

வாடை வடகிழக்கிலிருந்து வருவது. அதற்கு எதிராக இறங்க வேண்டுமென்றால் விமானம் இந்தக் காணிக்கு மேலாகத்தான் வரும். அதைச் சொன்னேன்.

“அப்ப மழைக்கை வந்து அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கப்போறியளோ?” என்றார் மேசன்.

“ஓம். தகரக் கொட்டில் ஒண்டு மட்டும் போடும். வாடைக்கை அதுக்குள்ளை இருந்து சத்தத்தைக் கேட்டுப்போட்டுத்தான் அத்திவாரம்” என்றான் மச்சான்.

கல் ஏற்றி வந்த லொறி கல்லை இறக்காமல் படலை வாசலோடு திரும்பிப் போனது.