என் மகன் என்னைச் சாச்சா என்று கூப்பிட்ட நாள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எந்த ற எங்கே வரும் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்போடு மறந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமாவது சொல்லி அழகாக எழுதி வாங்கியிருக்கலாம். ஆனால் வாயால் சொல்ல எனக்கு வராது. வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், இத்தனை நாள் வயிறு எரிந்துகொண்டு இருந்திருக்க மாட்டேன்.

நான் இருப்பது கட்சால் தீவு. சிலோன் தோட்டங்களில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி வந்து இங்கே ரப்பர் வேலைக்கு வைத்தார்களே, அந்தக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வயது இருந்தவரை ரப்பர் வெட்டினேன். இப்போது கிடைத்த வேலையைச் செய்கிறேன். போர்ட் பிளேயருக்குப் பல தடவை போயிருக்கிறேன். அதன் பேரை மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள், கப்பலில் யாரும் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. பல தடவை போனேனே தவிர ஊரைப் பார்த்ததில்லை. கப்பலை விட்டு இறங்கினால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் மறுபடி கப்பல். நடுவில் ஊர் ஒன்று இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து கண்ணைக் காட்டப் போனேன். காட்டி முடித்து, திரும்ப வேண்டிய கப்பல் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. என் மகன் அங்கே டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறான். அவன் அறையில்தான் தங்கியிருந்தேன். அவன்தான் சொன்னான், நாளைக்கு மூன்று பேர்தான் பார்ட்டி, முன் சீட்டு காலி, வாங்க, ஊரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மீதியைச் சொன்னான். வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றக்கூடாது என்பது ஓனர் கண்டிஷன். போன மாதம் ஒரு டிரைவர் மனைவியை ஏற்றிக்கொண்டு போய், பார்ட்டி ஒரு வார்த்தை புகார் சொல்லி, அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார்களாம்.

"அதனால நாளைக்கு ஒரு நாள் அப்பான்னு கூப்பிட மாட்டேன், சாச்சான்னு கூப்பிடுறேன். பார்ட்டில ஒரு வயசான அம்மா இருக்கு, கையப் புடிச்சு ஏத்தி எறக்க ஆள் வேணும்னாங்க. அந்த ஆள்னு சொல்லிக்கிறேன். ஏக் தின் கீ பாத் ஹை, ஒரு நாள்தானே அப்பா."

சாச்சா என்றால் ஹிந்தியில் சித்தப்பா. பஜாரில் காய்கறி விற்கிறவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சரி என்றேன். வேலை போனால் அவனுக்கு வேறு வழி இல்லை. அவன் அனுப்புவதில்தான் எங்கள் அடுப்பும் பாதி எரிகிறது.

பார்ட்டி கோயமுத்தூர் பக்கம். கணவன், மனைவி, கணவனின் அம்மா. தமிழ் பேசுகிறவர்களாயிற்றே என்று எனக்கு முதலில் கொஞ்சம் நிம்மதி. வண்டியில் ஏறி உட்காருவதற்குள்ளேயே அந்த மனிதர் தண்ணீர் பாட்டில்கள், குடை, பிஸ்கட் பை எல்லாவற்றையும் என் மடியில் போட்டார். என் பேரையும் கேட்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நீங்க தமிழா என்று அந்த வயசான அம்மா மட்டும் கேட்டது. ஆமா என்றேன். பரவால்லையே, காட்டுக்குள்ள இருந்தும் நல்லா பேசறீங்களே என்றது. அது கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

முதலில் வெள்ளைக்காரன் காலத்து ஜெயில். டிரைவர் உள்ளே வரக்கூடாது என்பதால் மகன் வெளியே நின்றுகொண்டான். நான் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த ஜெயிலை நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. நீளமாக ஒரே மாதிரி அறைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். யாரை எங்கே வைத்திருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்று நின்றால், அந்த மனிதர் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்.

"ஏனுங்க, மொத்தம் எத்தன ரூம் இருக்குது?"

எனக்கு எப்படித் தெரியும். "நிறைய" என்றேன்.

அவர் மனைவி சிரித்துவிட்டது. நல்ல கைடு புடிச்சீங்க போங்க என்றது புருஷனிடம். பிறகு தூக்குமேடைக்குப் போனோம். மூன்று கயிறு தொங்குகிறது. அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கச் சொல்லி போனை என் கையில் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் போனை நான் பிடித்ததில்லை. எடுத்ததில் மூன்று பேருக்கும் தலை இல்லை. அதைப் பார்த்து அவர் திட்டினார். எடுத்தவனுக்குத் தெரியாது, சரி. தூக்குமேடைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வெளியே கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க இப்படித்தான், எல்லாம் உள்ளேதான்.

வெளியே வந்ததும் மகன், "சாச்சா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த கரிசனம் எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு உடனே பயந்து அவர்கள் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்து எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது.

சாப்பிட்டபின் சிடியா டாப்பு கடற்கரைக்குப் போய் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். இங்கே சூரியன் சீக்கிரம் போய்விடும். மெயின்லேண்டில் இருந்து வருகிறவர்களுக்கு அது பிடிபடாது, அவர்கள் ஊர்க் கணக்கிலேயே இருப்பார்கள். மகன் சாப்பாட்டின்போதே சொன்னான், சார், மூணு மணிக்குக் கிளம்பிரணும், இல்லன்னா ஒண்ணும் தெரியாது என்று. சரி சரி என்றார். பிறகு முத்து விற்கிற கடைக்குள் போனார்கள். அவர் மனைவி ஒவ்வொரு மாலையாகப் போட்டுப் பார்த்தது. மகன் இரண்டு தடவை உள்ளே போய்ச் சொன்னான். இரண்டாவது தடவை, வெளிய நில்லுப்பா, வர்றோம் என்று அதட்டி அனுப்பினார்கள்.

கிளம்பும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. வழியெல்லாம் வளைவு. எதிரே மணல் லாரி வந்தால் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அந்த மனிதர் பின்னால் இருந்து சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்றுகொண்டே வந்தார். வானம் சிவந்ததும் வாய் திறந்துவிட்டார். காசு மட்டும் எண்ணி வாங்கத் தெரியுது, ஒழுங்கா நேரத்துக்குக் கூட்டிட்டுப் போகத் தெரியாதா, உங்க ஓனர்கிட்டப் பேசறேன், நாளைக்கு நீ இந்த வண்டியத் தொடறியா பாக்கறேன் என்று. மகன் ஓட்டிக்கொண்டே இருந்தான். கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அது கோபம் வந்தால் எனக்கும் துடிக்கும்.

பிறகு அந்த மனிதர் கேட்டார்.

"உங்கப்பன் உன்ன இப்பிடித்தான் வளத்தானா?"

என் முழங்காலுக்கும் மகனின் கைக்கும் நடுவில் கியர் மட்டும்தான் இருந்தது. அந்த அப்பன் உட்கார்ந்திருக்கிறான், அவருடைய குடையை மடியில் வைத்துக்கொண்டு. திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் சாவி போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

மகன் பேசினான். மெதுவாகத்தான் சொன்னான்.

"எனக்கு அப்பா இல்ல சார். சுனாமியில போயிட்டாரு."

அந்த மனிதர் தொண்டையைக் கனைத்தார். அவர் மனைவி 'அய்யோ' என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டது.

சுனாமி வந்த அன்று காலை நிலம் ஆடி நின்றதும் நான் தூக்கிக்கொண்டு மலை ஏறினேனே, அது இவனைத்தான். நாலு வயது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினேன், என் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தான், நகம் பட்ட தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. இவன் அக்கா கரைப் பக்கம் இருந்த சித்தி வீட்டுக்கு முந்தின நாளே போயிருந்தாள். எட்டு வயது. அந்த வீடும் கிடைக்கவில்லை, அவளும் கிடைக்கவில்லை. எந்தத் தண்ணீருக்கு இவனைக் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேனோ, அதே தண்ணீருக்குள் இவன் என்னைத் தள்ளிவிட்டான், ஒரு டூரிஸ்ட்டின் வாயை அடைக்க.

அது போதாது என்று அந்தம்மா முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டது.

"நீங்க அவரப் பாத்திருக்கறீங்களா? எப்படிப்பட்ட மனுசன்?"

மகன் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பாத்திருக்கேன்" என்றேன். "அதிகம் பேசமாட்டான்."

"பாவம், அப்படிப்பட்டவங்களத்தான் ஆண்டவன் சீக்கிரம் எடுத்துக்கறான்" என்றது.

போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டது, சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் மகனின் தோளில் தட்டி, மனசுல வச்சுக்காத தம்பி என்றார். புகார் இல்லை என்று ஆகிவிட்டது. வேலை தப்பியது. அத்தோடு விட்டிருந்தால் நானும் ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன்.

அந்தம்மா விடவில்லை. மகனின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஓரம் கூட்டிக்கொண்டு போனது. முதலை இருக்கிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. "இந்தத் தண்ணிலதான கண்ணு போனாரு. ஒரு கும்புடு போட்டுக்க. அப்பனுக்குச் செஞ்சா உனக்குத்தான் நல்லது" என்றது. கட்சால் எங்கே இருக்கிறது, இது எங்கே இருக்கிறது. அந்தம்மாவுக்கு எல்லாம் ஒரே தண்ணீர்.

மகன் செருப்பைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று பார்த்தான். அந்தம்மா அதை வாங்கி என் கையில் கொடுத்தது.

நான் என் மகனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, கடலைப் பார்த்து எனக்காகக் கைகூப்பினான். அந்த மனிதரின் மனைவி அதைப் போனில் எடுத்தது. செருப்பைத் தூக்கி அந்தக் கடலிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அவன் திரும்பி வந்து, "தாங்க சாச்சா" என்றான். கொடுத்தேன்.

அவர்களை ஹோட்டலில் இறக்கிவிட்டபின் வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனாகவே பேச ஆரம்பித்தான். சுனாமியில் உங்க வீட்டில் யார் போனாங்க என்று கேட்காத டூரிஸ்ட்டே கிடையாதாம். டிரைவர்கள் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்களாம். அந்தாள் நிஜமாகவே ஓனருக்குப் போன் போட்டிருப்பானாம், இதைச் சொன்னதால்தான் அடங்கினானாம். ஓட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டே வந்தான்.

அன்றைக்கு நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அக்கா போனதச் சொல்லியிருக்கலாமே. அது நெசந்தானே."

வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அக்கா பேர இந்த வண்டியில எடுக்க மாட்டேன்ப்பா" என்றான்.

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. நியாயம் என்பதற்காகக் கோபம் போய்விடுமா? போனவளைத் தொடக்கூடாது என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இருக்கிறவனை எடுத்துச் செலவு பண்ணலாம் என்றும் தெரிந்திருக்கிறது. அப்பன்தானே, எங்கே போய்விடுவான் என்று. அந்த நினைப்புதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை கப்பலுக்கு வந்து பரோட்டா பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, என்னென்ன பாத்தீங்க என்று கேட்டாள். ஜெயிலைச் சொன்னேன். புள்ள நல்லா கவனிச்சானா என்றாள். கவனிச்சான் என்றேன். அவளிடம் மீதியைச் சொல்ல முடியுமா? சொன்னால் பெரியவள் போனதில் இருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவன் போன் பண்ணுவான், அவள் பேசுவாள், பேசிவிட்டு என்னிடம் நீட்டுவாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவேன். இன்றைக்கும் நீட்டினாள். வாளியைத் தேடினேன், அதை முன்கூட்டியே எங்கோ எடுத்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. வாங்கினேன்.

"அப்பா, கண்ணு எப்பிடி இருக்கு?" என்றான்.

"அடுத்த மாசம் மறுபடி காட்ட வரணும்" என்றேன். "வருவேன். உன் வண்டியில ஏற மாட்டேன். டவுன் பஸ்ல போவோம். ஜெயிலுக்குள்ள நீயும் வரணும். அங்க எத்தன பேரு இருந்தாலும் என்னைய அப்பான்னுதான் கூப்பிடணும்."

இவ்வளவு நீளமாக நான் போனில் பேசியதில்லை. மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"லீவு கெடைக்கணும்ப்பா" என்றான்.

"கேட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தேன்.

என்ன நடந்தது என்று அவள் கேட்டாள், நான் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகன் படித்தது ஹிந்தி மீடியம், தமிழ் எழுத்து அவனுக்கும் ஓடாது. இந்த வீட்டில் இதைப் படிக்க நான் ஒருவன்தான். ஆனாலும் எழுதி வைத்தால்தான் இன்றைக்குச் சோறு இறங்கும் போல இருந்தது, எழுதினேன்.

கட்சால், 9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை.