வெயில் ஏறினப்புறம் வாங்க

வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கருக்கு மூலதனம் செருப்பும் வாயும்தான். ஊட்டியில் கூடவே நேரங்காலமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊர் ஒரு சட்டி. சுற்றிலும் மலை, நடுப்பள்ளத்தில் மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும். பனி மாசத்தில் காற்று அசையாது. விறகுப் புகை, குப்பைப் புகை, வண்டிப் புகை எல்லாம் பள்ளத்திலேயே படுத்துக் கிடந்து, வெயில் பட்டால்தான் எழுந்து போகும். அதனால் பள்ளத்து வீட்டைக் கேட்பவரிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: வெயில் ஏறினப்புறம் வாங்க. இதே பிழைப்பில் லோல்படும் சக புரோக்கர்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

சொல்லாமல் வந்தவர்

சென்னையிலிருந்து ரிட்டயர் ஆகி வந்த ஒருவருக்கு, பள்ளத்தில் நான் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு வீடு பேசி வைத்திருந்தேன். மனுஷன் வாக்கிங் போகிற சாக்கில் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றுவிட்டார். கடை வாசல்களில் அட்டைப்பெட்டியை எரித்துக் குளிர் காய்கிறார்கள். முதல் பஸ் உறுமிக்கொண்டே நிற்கிறது. எதிர்வீடு தெரியவில்லை.

பனிமூட்டம் சார், இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அளந்தேன். அவர் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டார். "நான் முப்பது வருஷம் வடசென்னையில இருந்தவன்யா. பனிக்கு டீசல் வாடை வராது."

கீழ்நோக்கிப் பயணம்

பனி என்று சொல்லி நான் அவரை ஏமாற்றப் பார்த்த அதே புகைதான் என் வீட்டையும் காலி பண்ணிக்கொண்டிருந்தது. என் மனைவி சரசுவுக்கு மூச்சு இளைப்பு. ஆனி ஆடியில் பைக்காரா பக்கமிருந்து மேல்காற்று வந்து ஊரையே அலசிவிட்டுப் போகும். அப்போது மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பாள். கார்த்திகை பிறந்தால் நாலு படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் சொன்னபடி, பனி முடிகிறவரை மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் அவள் அக்கா வீடுதான்.

வருஷா வருஷம் நான்தான் பஸ் ஏற்றிவிடுவேன். ஒரு தடவை கண்டக்டர் விவரம் கேட்டார், சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, ஊரு உலகமே காத்து வாங்க மேல வருது, உங்க ஊட்டம்மா காத்து வாங்கக் கீழ போறாங்களா?"

ஆடிப் பேரம்

மேட்டில் ஒரு வீடு இருந்தது. அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவருடையது. பள்ளத்துப் புகை அந்த உயரத்துக்கு எட்டாது. ஆனால் ஆடிக் காற்றில் கூரைத் தகரம் படபடவென்று அடிக்கும். அந்த மாசத்தில் மேட்டு வீட்டைக் கேட்க ஆள் கிடையாது. வாடகையை அடித்துப் பேச அதுதான் சமயம் என்று மழையில் நனைந்துகொண்டே போனேன்.

எங்களுக்குத்தான் வீடு என்று சரசுவின் இளைப்பைச் சொன்னேன், தகரத்தைக் காட்டினேன், சுவரில் இறங்கின ஈரத்தைக் காட்டினேன். பெரியவர் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்து, இந்தக் கூரைக்கு நீங்கள்தான் எனக்குக் காசு தரவேண்டும் என்று கத்திவிட்டுப் படி இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் மட்டும் வந்தது. "காத்து அடிக்கற மாசத்துல கொறச்சுக் கேக்கறே. காத்து நிக்கற மாசத்துல உன்ர சம்சாரம் எங்க இருக்கும் தம்பி?"

வேண்டாம் என்ற புரோக்கர்

கார்த்திகை வந்தது, அவள் போனாள். தினமும் போனில் பேசுவோம். என்ன சமைத்தாய், யார் வந்தார்கள் என்று நான் கேட்பதெல்லாம் சாக்கு. ஒரு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் முடிக்கிறாளா என்றுதான் காது பார்த்துக்கொண்டிருக்கும். முடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும். டீ போட்டால் கை பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுத்து, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கும்.

தை மாசத்தில் பெரியவர் மேட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்தனுப்பினார், யாருக்காவது காட்டு என்று. வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெங்களூர் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து மூச்சை ஆழமாக இழுத்தாள், பேரமே பேசாமல் சரி என்றாள். நான் சரசுவுக்கென்று கேட்ட காற்று அது. இந்த வீடு காலியில்லைங்க என்று சொல்லி, பூட்டையும் மாட்டிவிட்டேன். அவள் புருஷன் சிரித்தான். "வந்த பார்ட்டியைத் துரத்தற புரோக்கரை இப்பத்தான் பாக்கறேன்."

வெயில் ஏறுமுன்

போனில் சரசுவிடம் விஷயத்தைச் சொல்லி, ஒருநாள் வந்து பார், வெயில் ஏறினப்புறம் கூட்டிப் போகிறேன் என்றேன். வாய் பழக்கம். எனக்கே புரோக்கர் வேலை காட்டுறீங்களா என்று கேட்டவள், முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டாள். சால்வையால் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள்.

மேட்டு வாசலில் இறங்கியபோது எங்கள் தலைக்கு மேலே மரத்து உச்சியில்தான் வெயில். கீழே மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, எங்கள் தெரு எதுவும் இல்லை. பள்ளம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மூடி போட்டிருந்தது. சால்வையை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில் சொன்னாள்: "நம்ம ஊடு எங்கன்னே தெரியலைங்க, இதுக்குள்ளயா இத்தனை பனிக்கும் ஒத்தையா டீ வெச்சுக் குடிச்சுட்டு இருந்தீங்க?"

ஊருக்கெல்லாம் வெயில் ஏறினப்புறம் வீடு காட்டிய நான், வெயிலுக்கு முன் காட்டிய அந்த ஒரே வீட்டுக்கு மட்டும் பெரியவர் கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.