சாணிக்கு மேலே மாலை

மந்திரியைக் கொழும்பில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்த காலையில், எங்கள் ரப்பர் தோட்டத்துச் சங்கத் தலைவர் தேம்பித் தேம்பி அழுதார். வீடு கட்டித் தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று, போன மாதம்தான், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டியிருந்த அதே மந்திரியின் படத்தில் இவர் தன் கையாலேயே சாணியை அப்பினார். மழையில் கரையக்கூடாதென்று அதில் ரப்பர் பாலையும் கலந்திருந்தார். அவ்வளவு கெட்டிக்காரர்.

அஞ்சலிக்கு வேறு படம் கிடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். இறுகிப்போன சாணி அசையவே இல்லை. கடைசியில் பெரிய மாலையாகப் போட்டு மறைத்தார். வெள்ளைக் கொடி கட்டிவிட்டுக் கூடி நின்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். சாணி அடித்த அன்றைக்குக் கைதட்டிச் சிரித்ததும் இதே கூட்டம்தான்.

"நமக்கெல்லாம் அப்பா மாதிரிங்க" என்று விம்மியபடி தலைவர் கண்ணைத் துடைக்கப் போனார். பக்கத்தில் நின்ற, பால் வெட்டும் அக்கா ஒருத்தி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வந்து அழுங்க. நகத்துல இன்னும் சாணி இருக்கு."