முப்பது பந்துத் தரச்சோதனை

பல்லடம் சாலையில் உள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் சொந்தமாகக் கிரிக்கெட் அணி வைத்திருக்கிறது. கோவை லீக்கில் ஆடும் அணி. அதற்கு ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுக்க மூன்று பேர் குழு போட்டார்கள். பத்திரிகையில் பல வருடம் விளையாட்டுச் செய்தி எழுதியவன் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். மற்ற இருவர் முதலாளியும் அவருடைய தரக்கட்டுப்பாட்டு மேலாளரும். முதலாளியைப் பொறுத்தவரை கிரிக்கெட் என்பது பதினோரு சட்டைகளின் முதுகில் கம்பெனிப் பெயர். மேலாளர் அந்த அளவுக்குக்கூட யோசித்தவர் அல்ல.

காலையில் மைதானத்துக்குப் போனபோது மேலாளர் மேசை போட்டு, படிவங்களை அடுக்கி வைத்திருந்தார். டி-ஷர்ட்டைப் பெட்டியில் அடைக்கும் முன் சோதிக்கிற அதே படிவம். 'துளை' என்ற வரியை அடித்து 'வைட்' என்று எழுதியிருந்தார். 'கறை' என்ற இடத்தில் 'ஃபுல் டாஸ்'.

"ஆளுக்கு முப்பது பந்துங்க சார். வைட் மேஜர் டிபெக்ட்டு, ஃபுல் டாஸ் மைனரு. மேஜர் ரெண்டு வரைக்கும் பாஸுங்க. மூணு வந்தா ரிஜெக்ட்" என்றார்.

"சரக்கு வாங்குற பாரின்காரனே இதுல எதுத்துப் பேச மாட்டானுங்க. சிஸ்டம்னா சிஸ்டம்" என்றார் முதலாளி, பெருமையாக.

வந்தவர்களில் பார்க்கும்படியாக இருந்தவர்கள் இருவர். ஒருவன் அவிநாசிக்காரன். முப்பது பந்தையும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் போட்டான். அந்த வேகத்துக்குப் பந்து மட்டையைத் தேடி வந்து வணக்கம் சொல்லிற்று. எதிரே மட்டை பிடித்த அணித் தலைவர், முதலாளியின் அக்கா மகன், அவனை எல்லாப் பக்கமும் அடித்தார். மேலாளர் எழுத ஒன்றுமில்லாமல் பேனாவை மூடி வைத்தார்.

இன்னொருவன் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. மாவட்டப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்கும் இடம் கோவை லீக்தான். அவனுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இங்கே எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் தறிதான். பந்தை வாங்கும் முன் இதை என்னிடம் அவனே சொன்னான், கெஞ்சாமல்.

புதுப் பந்து அவன் கையை விட்டதும் வெளியே வளைந்தது. முதல் ஐந்து பந்துகளில் மூன்று வைட். மேலாளர் மூன்று கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை. ஆறாவது பந்தில் ஆஃப் ஸ்டம்ப் விழுந்தது. பன்னிரண்டாவதில் நடு ஸ்டம்ப். அதன் பின் ஒரு பந்து அணித் தலைவரின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து மறுபடி ஸ்டம்பைச் சாய்த்தது. அத்தனை வருடத்தில் உள்ளூர் மைதானத்தில் அப்படி ஒரு பந்தை நான் பார்த்ததில்லை.

"கண்ணுல வெயில் அடிக்குதுங்க மாமா" என்றார் அணித் தலைவர். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முப்பது முடிந்ததும் மேலாளர் 'ரிஜெக்ட்' என்று எழுதினார். பந்து கைக்குப் பழகிய பிறகு ஒரு வைடுகூட இல்லையே, விக்கெட் மூன்று விழுந்ததே என்றேன்.

"விழுந்துச்சுங்க. ஆனா அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே" என்றார். கேலியில்லை, நிஜமாகவே படிவத்தில் மேலும் கீழும் தேடிவிட்டுச் சொன்னார். முதலாளி தலையாட்டினார். பழுதை எண்ணியே பிழைத்தவர்களுக்கு, பழுதில்லாதது நல்லது. அதற்கு மேல் நல்லது என்று ஒன்று கிடையாது.

"அவிநாசிப் பையன் ஜீரோ டிபெக்ட்டுங்க சார். கையெழுத்துப் போடுங்க, பிரியாணி ஆறுது" என்றார் முதலாளி.

இரண்டு படிவத்திலும் போட்டேன். வாதாடியிருக்கலாம். பசித்தது.

தறிக்காரன் மேசைக்கு வந்து தன் படிவத்தை எடுத்து, நின்றபடியே முழுவதும் படித்தான்.

"அந்த அண்ணன் மூணு தடவ அவுட்டானாரே, அத எங்க எழுதிருக்கிய சார்?"

"கோவிச்சுக்காத கண்ணு. நம்ம பேக்கிங்ல வேல இருக்குது, நாளைக்கே வந்து சேந்துக்க" என்றார் முதலாளி.

"பந்து போட வந்தேன் சார். பெட்டி ஒட்ட வரல."

பிறகு மூன்றாவது கையெழுத்து யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். பேப்பரில் எழுதுகிறவர் நான்தானா என்றும் கேட்டான். ஆமாம் என்றேன்.

"மேட்ச் பாத்துதான் எழுதுவியளோ?"

மேலாளர் சிரித்தார். அவன் படிவத்தை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் பந்தை வைத்துவிட்டுப் போனான். பிரியாணி சூடாகவே இருந்தது.