மஞ்சள் அட்டையில் ஒரு கைநாட்டு

எழுபதுகளின் கடைசியில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அட்டைகள். வெள்ளை அட்டையை யார் கேட்டாலும் காட்டலாம். என்ன பொருள், என்ன உயரம், எந்த அலமாரி என்பதோடு அது முடிந்துவிடும். மஞ்சள் அட்டையில் பொருள் கிடைத்த இடமும் கொடுத்தவர் பெயரும் இருக்கும். இடம் வெளியில் தெரிந்தால் சிலை தேடுகிறவர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள் என்பதால் மஞ்சள் அட்டைகளை இரும்புப் பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். ஒரு சாவி காப்பாளரிடம், மற்றொன்று என்னிடம். திறக்கும்போதெல்லாம் எந்த அட்டை, எதற்காக என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பார்த்ததை வீட்டில்கூடச் சொல்வதில்லை என்று சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பஸ் நிறுத்தம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. எட்டு மாதப் பெண்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்தவள் எதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

மாமியாருக்குக் கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம். மாமனார் இறந்தபின் பயிரைத் தன் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு எங்களோடு இருந்தார். எழுத்து தெரியாது, பேச்சுக்குக் குறைவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னா, உன் பீரோ இன்னிக்கும் வாயத் தொறக்கலியா?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன்.

ஒரு மழைக்காலத்தில் பீரோவுக்குள் ஈரம் ஏறிவிட்டது. நனைந்த அட்டைகளைப் புதிதாக எழுதச் சொன்னார் காப்பாளர். மூன்றாம் நாள், சாண் உயர வெண்கல அம்மனின் அட்டை வந்தது. வாரம் தவறாமல் நான் துடைத்து வைக்கும் சிலை. கிடைத்த இடம் என்ற வரியில் எங்கள் நிலம் இருந்தது, பனைமரத்துக்குக் கிழக்கே வரப்போரம் என்று. கொடுத்தவர் பெயர், என் மாமியார் பெயர். 'பெயர் வெளியே வர வேண்டாம், சன்மானம் வேண்டாம்' என்ற குறிப்பின்கீழ் கைநாட்டு. ரேகைகளின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக்கோடு. கதிர் அரிவாள் பட்ட தழும்பு. அந்தக் கட்டைவிரல்தான் தினமும் காலையில் எண்ணெய் தொட்டு என் மகளின் மூக்கை நீவிவிடுகிறது.

அட்டையோடு எழுந்து போய், இது என் குடும்பத்து அட்டை, நான் பார்த்திருக்கக் கூடாது என்று காப்பாளரிடம் சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்தேன். அவர் அந்த ஒரு அட்டையை மட்டும் தன் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டு, சாவியை என் பக்கம் நகர்த்தினார்.

அது நடந்த வாரமே, நிலத்தைப் பயிரிடும் சின்ன மாமனார் வந்தார். நிலத்தில் மாமியார் புதையல் எடுத்து ஒளித்துவிட்டார் என்று ஊரில் இரண்டு வருடமாகப் பேச்சு. வரப்போரம் அவர் தோண்டியதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"கிருத்திகைக்கு மலைக்கு வாங்க அண்ணி. நெலத்துல ஒண்ணும் கெடைக்கலன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார்.

என் கணவர் கோபமாக எழுந்தார். மாமியார் அவரைக் கையால் அமர்த்தினார். "வரேன். மோர் குடிச்சிட்டுப் போ நைனா."

அதன்பின் எனக்குத் தூக்கம் இல்லை. கிடைக்கவில்லை என்றால் சாமி முன்னால் பொய். சொல்ல மறுத்தால் ஊருக்கு அவர் திருடி. நான் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் நான் எழுதிக் கொடுத்த வாக்கு போகும், மறுநாளே வரப்பைத் தோண்டிப் போடுவார்கள். காப்பாளரைக் கேட்டேன். அனுமதிக்க வேண்டியவர் சிலையைக் கொடுத்தவர், அவர் கேட்டால் நானே வந்து சொல்கிறேன் என்றார். மாமியார் கேட்கவில்லை.

கிருத்திகையன்று படியேறினோம். சன்னதிக்கு வெளியே சின்ன மாமனார் கற்பூரம் ஏற்றினார். மாமியார் குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

"அந்த நெலத்துல கெடைச்சது எதுவும் என் வூட்ல இல்ல. அதுக்காக யார் கையிலயும் ஒண்ணும் வாங்கல. என் புள்ளைக்கும் பேத்திக்கும் அதுல பங்கு இல்ல." சொல்லிவிட்டு அந்தத் தழும்பு விரலாலேயே சுடரை அழுத்தி அணைத்தார்.

"கெடைக்கலன்னு சொல்லலியே அண்ணி."

"கெடைச்சுதான்னு கேட்டா சொல்ல மாட்டேன். எடுத்துக்கினியான்னு கேளு. எடுத்துக்கல."

சின்ன மாமனார் கற்பூரக் கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினார். அட்டையில் இருந்ததற்கு மாறாக மாமியார் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அட்டையில் மூடி வைத்ததில் ஒன்றையும் திறக்கவும் இல்லை. அங்கே நின்றவர்களில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோபுரத்தைப் பார்க்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பாதிப் படியில் மாமியார் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த அம்மனத் தெனமும் தொடைக்கிறியா?"

"வாரத்துக்கு ஒரு தடவைங்க அத்தை."

"மூக்காண்ட தூசி சேரும். பாத்துத் தொடை."

சரிங்க என்றேன். அந்தப் பதிலால் நான் எழுதிக் கொடுத்ததை மீறினேனா என்று அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக ஒரு மெல்லிய துணியை எடுத்து அம்மனின் மூக்கோரம் துடைத்தேன். தூசி இருந்தது.