வீட்டுக்காரர் பேருள்ள பக்கத்து வீடு

பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரே பெயர். முருகனுக்குள்ள பெயர்களில் ஒன்று. தாலி கட்டிய நாளிலிருந்து நான் அதைச் சொன்னதில்லை. விளக்கேற்றிப் போற்றி சொல்லும்போதுகூட அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு மணியை மட்டும் ஆட்டுவேன். முருகன் கோவிச்சுக்கிடவில்லை. பேரூராட்சி ஆபீசில்தான் சிக்கலாகிப் போனது.

பக்கத்து வீடு மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய வீடு. தூண் எதுவும் எழுப்பாமல் அதன்மேல் ஒரு மாடி போட்டார். அவர் தோட்டத்துத் திராட்சை நல்ல விலைக்குப் போன வருஷம் இரண்டாவது போட்டார். இப்போது மூன்றாவதும் ஏறிக்கொண்டிருந்தது. அனுமதி எதுவும் வாங்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் பார்த்தால், எங்கள் பக்கத்துச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. அதற்கு நேர் கீழே எங்கள் ஓட்டு வீட்டின் கிழக்கு ரூம். மாசமாயிருக்கும் மகள் பிரசவத்துக்கு வந்து படுக்கப்போவது அந்த ரூமில்தான்.

முதலில் அவரிடமே போய்ச் சொன்னேன்.

"தம்பி, சுவரு எங்க பக்கம் சாயுதே."

"அது சாய்வு இல்ல மதினி, டிசைனு."

எங்கள் வீட்டுக்காரர் மலையில் ஏலத்தோட்டத்தில் கங்காணி. சனிக்கிழமை ஜீப்பில்தான் இறங்குவார். வந்ததும் சொன்னேன். "என் பேரு வச்சவன் மேல நானே மனுக் குடுக்கவா? எனக்கே குடுத்த மாதிரி இருக்கும்ல" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சரியென்று அப்பன் முருகனை நினைத்துக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன்.

"கதவு எண் என்னம்மா?" என்றார் கிளார்க்.

"நம்பர் பலகை பூச்சுக்குள்ள போயிருச்சு சார்."

"அப்ப வீட்டு ஓனர் பேரு சொல்லுங்க."

"சாமி பேரு சார். கையில வேலு இருக்கும். மயில்ல வருவாக."

கிளார்க்குக்கு விளங்கிவிட்டது. பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். வரி கட்ட வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏலக்காய் ஏலம் மாதிரி ஆகிப்போனது. கம்பம் டவுனிலிருந்து வந்திருந்த ஒரு பாய்கூட விடவில்லை. கடைசியில் அவர், "எனக்குத் தெரிஞ்ச முருகன் பேரெல்லாம் தீந்துபோச்சு தாயி" என்றார். சரியான பெயர் ஒருவர் வாயில் வரத்தான் செய்தது. நானும் 'ஆமாம்' என்று தலையாட்டினேன். ஆனால் அதே நேரத்தில் மூன்று பேர் மூன்று பெயர் சொல்லிவிட்டார்கள்.

"எதுக்கும்மா தலையாட்டுனீக?"

பையிலிருந்து என் ஆதார் அட்டையை எடுத்து, கணவர் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தேன். "இதே பேருதான் சார் அவுகளுக்கும்."

கிளார்க் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். பெயரோடு அதன் கீழே இருந்த விலாசத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

நோட்டீஸ் எங்கள் கதவில் வந்து ஒட்டினது. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்த நிலைக்குப் பக்கத்தில், அனுமதியின்றிக் கட்டிய மூன்றாம் தளத்தை உடனே அகற்றும்படி எழுதியிருந்தது. பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் ஓடி வந்தார்.

"எவன் வயித்தெரிச்சலோ, பாவம் மதினி நீங்க! பயப்படாதீக, கவுன்சிலர்ட்ட நான் பேசுறேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் எங்கள் வீட்டுக்காரர் வந்து நோட்டீஸைப் படித்தார். வாசலில் இறங்கி நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார். "ஏத்தா, நமக்கு ஏது மாடி? மொதல்ல கட்டிக் குடுக்கச் சொல்லு, பெறகு இடிப்போம்."

அவர் மலைக்குத் திரும்பாமல் இருந்த திங்கட்கிழமை, என்ஜினியர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார். எங்கள் ஓட்டுக்கூரையையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணாவது மாடிக்கு எங்கிட்டு ஏறணும்?"

"இங்கன ஏறுனா கைலாசத்துக்குத்தான் போகணும் சார்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அப்ப இடிச்சிட்டீங்க. ரொம்ப நல்லது" என்று பேனாவைத் திறந்தார் என்ஜினியர். "தளம் அகற்றப்பட்டதுன்னு எழுதி பைலை முடிச்சிருறேன்." எங்களுக்காகப் பேச வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "எழுதுங்க சார், தங்கமான குடும்பம்" என்றார்.

அவர் தலைக்கு மேலே சுவர் சாய்ந்து நிற்கிறது. பைலை முடித்துவிட்டால் இன்னொரு தடவை யார் வருவார்கள்? மகளை எந்த ரூமில் படுக்க வைப்பேன்? கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

"என்னத்தா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"என்ன மதினி?" என்றார் அவர்.

"இவுக இல்ல சார். அந்தா, அவுக" என்று கையை நீட்டிவிட்டேன்.

என்ஜினியர் அந்தப் பக்கம் போய்ச் சுவரில் விரலை வைத்து அழுத்தினார். சாந்து மாவு மாதிரி உதிர்ந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நீங்களா மதினி?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நாந்தேன் தம்பி. பிள்ளத்தாச்சி படுக்கிற எடம்."

கடப்பாரை போடாமல், மூன்றாவது மாடியையும் சாய்ந்த சுவரையும் மேலிருந்து ஒவ்வொரு செங்கலாகக் கையால் எடுத்துத்தான் இறக்கினார்கள். அப்படியும் நாலைந்து கல் நழுவி எங்கள் ஓட்டை உடைத்துக்கொண்டு கிழக்கு ரூமுக்குள் விழுந்தது. நல்லவேளை, கட்டில் காலி. உடைந்த ஓட்டுச் சில்லை நானே கூட்டி அள்ளினேன். எங்கள் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் இன்றுவரை என்னோடு பேச்சில்லை. எதிரே பார்த்தால் அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். புது ஓடு மாற்றிய ரூமில் மகள் வந்து கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். பகலில்கூட நன்றாகத் தூங்குகிறாள்.